சத்தத்துக்குக் கீழே ஒரு நகரம்

கலிஃபோர்னியாவின் லாங் பீச் கடற்கரையில் நின்றால், கரைக்குச் சற்றுத் தள்ளி நான்கு குட்டித் தீவுகள் கண்ணில் படும். நெடுநெடுவென்று பனைமரங்கள், செயற்கை அருவி, இருட்டினால் வண்ண விளக்குகள், நடுவில் ஓட்டல் கட்டடம்போல ஒரு கோபுரம். விவரம் தெரியாதவர்கள் சொகுசு விடுதி என்றே நினைப்பார்கள். 1960-களில் கடலில் கல்லையும் மணலையும் கொட்டி எழுப்பிய தீவுகள் அவை. கோபுரத்துக்குள் ஒளிந்திருப்பது எண்ணெய்க் கிணறு துளைக்கும் எந்திரம். விண்வெளிப் பணியில் உயிர்விட்ட நான்கு அமெரிக்க வீரர்களின் பெயர்களை அந்தத் தீவுகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

எண்ணெய் எடுப்பதை மறைக்க இத்தனை ஜோடனை செய்த ஊர், எண்ணெயால் பட்ட அவதியும் கொஞ்சமல்ல. 1921-இல் சிக்னல் ஹில் என்ற குன்றில் எண்ணெய் பீறிட்டது. சில ஆண்டுகளில் குன்றே தெரியாத அளவுக்கு மரக்கோபுரங்கள் முளைத்தன. பக்கத்து வில்மிங்டன் வயலில் உறிஞ்சிய உறிஞ்சலில், துறைமுகப் பகுதி நிலம் சுமார் 9 மீட்டர்வரை கீழே இறங்கியது. எண்ணெய் இருந்த இடத்துக்குள் கடல்நீரைச் செலுத்தித்தான் அந்த இறக்கத்தை நிறுத்தினார்கள்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. அந்தக் குன்றை மேலே தூக்கியதும், எண்ணெயை ஓட விடாமல் அடைத்து வைத்ததும் ஒரே பிளவுதான். நியூபோர்ட்-இங்கிள்வுட் பிளவு என்று பெயர். 1933 மார்ச் 10 மாலை 5:54-க்கு அது நகர்ந்தது. 6.4 ரிக்டர். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பள்ளிக் கட்டடங்கள் வரிசையாக இடிந்து விழுந்தன. மணி நான்கைத் தாண்டிவிட்டதால் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் கலிஃபோர்னியா அரசை ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்குத் தனிச் சட்டம் போட வைத்தது.

ஆக, எண்ணெய்க் கம்பெனிக்கும் நிலநடுக்கம் படிப்பவர்களுக்கும் ஒரே ஆசை: இந்த ஊருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சங்கடம் என்னவென்றால், அடியில் பார்ப்பதற்குக் காது வேண்டும், மேலே ஊர் போடும் சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. அமெரிக்காவின் மிகப் பரபரப்பான நெடுஞ்சாலைகளில் ஒன்றான 405, விமான நிலையம், மின்சார ரயில், உலகின் பெரிய கொள்கலன் துறைமுகங்களில் ஒன்று, நாலரை லட்சம் ஜனம், போதாததற்கு இரவு பகலாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய் பம்புகள்.

நிலத்தைக் குலுக்கிக் கேட்பது

நிலத்துக்கு அடியில் படம் எடுக்கும் முறை பழையது. மேலே ஓர் அதிர்வை உண்டாக்க வேண்டும். அது கீழே போய், பாறை மாறும் ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். மேலே பரப்பி வைத்த ஜியோபோன்கள் அதைப் பிடிக்கும். எந்த எதிரொலி எத்தனை நேரத்தில் வந்தது என்பதிலிருந்து அடுக்குகளின் வடிவத்தைக் கணக்கிடலாம். பாலைவனத்திலும் வயல்வெளியிலும் குழி தோண்டி டைனமைட் வைத்தார்கள். ஊருக்குள் அது நடக்காது.

அதற்கு மாற்றாக 1950-களில் அமெரிக்காவின் கானகோ எண்ணெய்க் கம்பெனியில் உருவானதுதான் வைப்ரோசைஸ். இருபது, முப்பது டன் எடையுள்ள லாரி ஒன்று தெருவில் வந்து நிற்கும். வயிற்றுக்கு அடியிலிருந்து ஓர் இரும்புத் தகடு இறங்கித் தார்ச்சாலையில் பதியும். லாரியின் பாரம் அந்தத் தகட்டின்மேல் ஏறும். பிறகு தகடு அதிரத் தொடங்கும். விநாடிக்கு எட்டு தடவை என்று மெதுவாக ஆரம்பித்து, பத்துப் பதினைந்து விநாடிக்குள் எண்பது தடவைவரை ஏறும். பக்கத்தில் நிற்பவருக்கு முதலில் உள்ளங்காலில் தெரியும், பிறகு அடிவயிற்றில், கடைசியில்தான் காதில் ஒரு முனகலாக ஏறும். முடிந்ததும் தகட்டைத் தூக்கிக்கொண்டு லாரி சில பத்து மீட்டர் நகரும். மறுபடியும் அதே.

டைனமைட்டின் பலத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குலுக்கல் ஒன்றுமே இல்லை. இரண்டு கிலோமீட்டர் ஆழம் போய்த் திரும்பும் எதிரொலி, பக்கத்தில் போகும் பஸ்ஸின் அதிர்வுக்கு முன்னால் தூசு. இருந்தும் எப்படிப் பிடிக்கிறார்கள்? லாரி என்ன ராகம் பாடியது என்பது அணு பிசகாமல் பதிவாகியிருக்கிறது. கெட்டிமேளம் முழங்கும் கல்யாண மண்டபத்தில் யாரோ நம் பெயரைச் சொன்னால் மட்டும் காது சட்டென்று அங்கே திரும்புகிறதல்லவா, அந்த வேலையைக் கணினி செய்கிறது. தனக்குத் தெரிந்த அந்த ஏறுவரிசை, பதிவில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி எடுக்கிறது. பஸ்ஸுக்கு அந்த ராகம் தெரியாது.

அதோடு, ஒரே இடத்தில் பலமுறை குலுக்கிப் பதிவுகளைக் கூட்டுவார்கள். எதிரொலி ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் வரும், கூடிக்கொண்டே போகும். தெருச் சத்தம் முன்னுக்குப்பின் முரணாக வரும், ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். ஆனால் இதில் ஒரு கஞ்சத்தனம் இருக்கிறது. தெளிவு இரட்டிப்பாக வேண்டும் என்றால் நான்கு முறை குலுக்க வேண்டும். நான்கு மடங்காக வேண்டும் என்றால் பதினாறு முறை. ஒரு வீட்டு வாசலில் பதினாறு முறை குலுக்கினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் ஊருக்குள் இந்த வேலையில் பாதி, பொறியியலே கிடையாது. லாரி வருவதற்கு முன்பே வீடு வீடாகக் கடிதம் போக வேண்டும். எரிவாயுக் குழாய், குடிநீர்க் குழாய், பழைய சாக்கடை எங்கே ஓடுகிறது என்று வரைபடத்தோடு நடக்க வேண்டும். சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைப் படம் பிடித்து வைக்க வேண்டும். பின்னால் வரப்போகும் சண்டைக்கு அதுதான் சாட்சி. வீட்டு அஸ்திவாரத்தில் கருவி வைத்து, அதிர்வு எல்லை மீறுகிறதா என்று உடனுக்குடன் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் தர விதிப்படி, மெதுவான அதிர்வுகளுக்குக் குடியிருப்பு வீட்டின் அஸ்திவாரத்தில் விநாடிக்கு 5 மில்லிமீட்டர் வேகம்வரைதான் போகலாம். பாரம்பரியக் கட்டடம் என்றால் 3. மியூனிக் நகரத்தில் 2015-16 குளிர்காலத்தில் நகராட்சி மின்வாரியம் இந்த லாரிகளை ஊருக்குள் ஓட்டி, 170 சதுர கிலோமீட்டருக்கு அடியில் படம் எடுத்தது. எண்ணெய்க்காக அல்ல; ஆழத்துச் சுண்ணாம்புப் பாறையில் கிடக்கும் வெந்நீரைத் தேடி. அந்த வெந்நீரால் வீடுகளைச் சூடாக்குவது அவர்கள் திட்டம். காரியம் தன் வீட்டுக் கணப்புக்கு என்று தெரிந்தால் ஜனம் கொஞ்சம் குலுக்கலைப் பொறுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐயாயிரம் டப்பா

லாங் பீச்சுக்கு வருவோம். 2011 ஜனவரியிலிருந்து ஜூன்வரை, அங்குள்ள எண்ணெய்க் கம்பெனி ஒன்றுக்காக 5,200-க்கு மேற்பட்ட ஜியோபோன்களை ஊர் முழுக்கப் பதித்தார்கள். 7 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் பரப்பு. ஏறக்குறைய நூறு மீட்டருக்கு ஒன்று. முன்பெல்லாம் ஜியோபோன் என்றால் கூடவே கிலோமீட்டர் கணக்கில் கம்பி ஓடும். நான்கு சாலைகள் சந்திக்கும் இடத்தில் கம்பியை எப்படிக் கொண்டுபோவது? லாங் பீச்சில் வந்தவை கம்பி இல்லாதவை. காபித்தூள் டப்பா அளவு. பேட்டரி, நினைவகம், நேரம் பார்க்க ஜி.பி.எஸ். எல்லாம் உள்ளேயே. அடியில் உள்ள முளையைப் புல்தரையில் அழுத்தினால் வேலை முடிந்தது.

அந்தப் புல்தரை யாருடையது என்பதுதான் கேள்வி. பூங்கா என்றால் நகராட்சி. பள்ளி என்றால் கல்வி வாரியம். மற்றபடி ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு வீட்டுக்காரர் தலையாட்ட வேண்டும். பின்னாளில், 2017 முதல் 2019 வரை, கால்டெக், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலஸின் கிழக்கே சான் கேப்ரியல், சான் பெர்னார்டினோ பகுதிகளில் இதே டப்பாக்களைக் கோடு கோடாகப் பதித்தபோது, மாணவர்கள்தான் கதவு கதவாகத் தட்டினார்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மாதம் இது இருக்கட்டுமா என்று கேட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். களத்தில் நாட்களைத் தின்பது அதுதான்.

ஏன் அந்தச் சமவெளிகளைத் துருவுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடலாம். மலைகளுக்கு நடுவே வண்டல் நிரம்பிய பள்ளத்தில் லாஸ் ஏஞ்சலஸ் உட்கார்ந்திருக்கிறது. சில இடங்களில் அந்த வண்டலின் ஆழம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். நிலநடுக்க அலை கடினப் பாறையிலிருந்து இப்படிப்பட்ட தொளதொளத்த மண்ணுக்குள் நுழைந்தால் வேகம் குறையும், வீச்சு பெருகும், உள்ளேயே முட்டிமோதிக்கொண்டு நெடுநேரம் நிற்கும். 1985-இல் மெக்ஸிகோ நகரம் அப்படித்தான் நொறுங்கியது. நிலநடுக்கம் நடந்தது முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், கடலோரத்தில். பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல் நின்ற கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. லாஸ் ஏஞ்சலஸில் பள்ளத்தின் வடிவம் தெரியாமல், எந்தத் தெரு எவ்வளவு ஆடும் என்று சொல்ல முடியாது.

குப்பையில் கிடந்த படம்

கம்பெனிக்கு வேண்டியது லாரி குலுக்கிய விநாடிகள் மட்டும். டப்பாக்களோ ஆறு மாதம் நிறுத்தாமல் பதிவு செய்தன. குலுக்கலுக்கும் குலுக்கலுக்கும் இடையில் இருந்தது எல்லாம் நகரச் சத்தம். எண்ணெய் தேடுபவருக்குக் குப்பை. அந்தக் குப்பையை கால்டெக்கின் ராபர்ட் கிளேட்டன் குழு வாங்கிக்கொண்டது.

இரைச்சலில் தகவல் இருக்கிறது என்பது புதிய யோசனை இல்லை. ஜப்பானின் கெய்தி ஆகி 1957-லேயே அதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். ஸ்டான்ஃபோர்டின் ஜான் கிளேர்பௌட் 1968-இல் இன்னொரு வழியில் அதே இடத்துக்கு வந்தார். 2005-இல் ஷபீரோவும் கம்பீலோவும் கூட்டாளிகளும், கடலலை பூமியைத் தட்டும் சத்தத்தை மட்டும் வைத்துக் கலிஃபோர்னியாவின் மேலோட்டைப் படம் பிடித்துக் காட்டினார்கள். யோசனை இதுதான்: இரண்டு இடங்களில் இரண்டு கருவிகள். ஒரு சத்தம் முதல் கருவியைக் கடந்து இரண்டாவதை அடைகிறது. இரண்டு பதிவுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒன்றை மெல்ல நகர்த்தி, எந்த இடத்தில் பொருந்துகிறது என்று பார்த்தால், அலை இடைத்தூரத்தைக் கடக்க எடுத்த நேரம் கிடைக்கும். ஒரு லாரிச் சத்தத்தை நம்பிச் செய்தால் ஏமாற்றம்தான். எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் சத்தங்களை வாரக் கணக்கில் சேர்த்தால், ஒழுங்கற்றவை கழன்றுபோய், அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள மண்ணின் குணம் மட்டும் மிஞ்சும். முதல் கருவி இருக்கும் இடத்தில் யாரோ சம்மட்டியால் அடித்து, இரண்டாவது கருவி அதைக் கேட்டதுபோன்ற பதிவு. அடித்தவர் யாருமில்லை.

ஃபான்-சி லின் தலைமையில் லாங் பீச் பதிவுகளில் மூன்று வாரத்தை எடுத்து இப்படிச் செய்தார்கள். ஒவ்வொரு கருவியையும் மற்ற எல்லாக் கருவிகளோடும் ஜோடி சேர்த்தால் 1.35 கோடி ஜோடிகள். 2013-இல் வெளியான முடிவில், ஒரு கிலோமீட்டர் வாக்கில் ஆழம்வரை ஊரின் அடிப்பகுதி படமாக விரிந்தது. நியூபோர்ட்-இங்கிள்வுட் பிளவு ஓடும் பாதை, அலை வேகமாகப் போகும் பட்டையாகத் துலங்கியது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. அந்த ஜியோபோன்கள் விநாடிக்குப் பத்து அதிர்வுக்கு மேலே கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. அதற்குக் கீழே போகப் போக அவற்றின் காது மந்தமாகிவிடும். லின் குழு பயன்படுத்தியதோ அரை முதல் நான்கு அதிர்வு வரையிலான அலைகளை. மந்தக் காதுக்கும் கேட்கும் அளவுக்கு ஊரும் கடலும் சத்தம் போட்டிருக்கின்றன.

அதே பதிவுகளை நிமா ரியாஹியும் பீட்டர் கெர்ஸ்டாஃப்டும் வேறு விதமாகப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பூமி முக்கியமில்லை, சத்தம்தான் முக்கியம். லாங் பீச்சுக்குப் போன ப்ளூ லைன் ரயில் எப்போது புறப்பட்டது, எவ்வளவு வேகம். லாங் பீச் ஓடுபாதையில் விமானம் எப்படி வேகம் பிடித்தது. 405-இல் வாகன ஓட்டம் எப்படி. எல்லாவற்றையும் மண்ணின் அதிர்விலிருந்தே எடுத்து 2015-இல் எழுதினார்கள். படிக்கும்போது சிரிப்பு வந்தது. கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

ஊர் அடங்கினால் என்ன ஆகும் என்பதும் ஒருமுறை தெரிந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது பெல்ஜியத்தின் தோமா லெகாக் உள்ளிட்ட பெரிய கூட்டம் உலகெங்கும் 268 நிலையங்களின் பதிவுகளை அலசியது. 185 இடங்களில் சத்தம் தெளிவாகக் குறைந்திருந்தது. சில இடங்களில் பாதிவரை. வழக்கமாகச் சத்தத்தில் மூழ்கிப்போகும் சின்ன அதிர்வுகள் மேலே வந்தன.

ஏமாற்றும் காது

இதுவரை படித்தவர்களுக்கு, சத்தமே வரம் என்று தோன்றக்கூடும். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சத்தத்தை வைத்து மண்ணைப் படம் பிடிப்பது ஒன்று. சத்தத்துக்குள் புதைந்திருக்கும் நுண்ணிய நிலநடுக்கத்தைத் தேடுவது வேறு. பின்னதில் லாங் பீச்சை வைத்தே சர்ச்சை ஒன்று எழுந்தது.

2016-இல் அசாஃப் இன்பால், ழான்-போல் ஆம்புவேரோ, கிளேட்டன் மூவரும் இந்த ஊரின் பதிவுகளையும் பக்கத்துப் பகுதி ஒன்றின் பதிவுகளையும் வைத்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பிளவுக்கு நேர் கீழே, இருபது கிலோமீட்டருக்கும் கீழே, மேலோட்டைத் தாண்டி மேன்டிலுக்குள் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் நடக்கின்றன என்றார்கள். இது சாதாரணச் செய்தி இல்லை. அந்த ஆழத்தில் பாறை கொதிக்கும் சூட்டில் இருக்கும். நெளியுமே தவிர உடையாது என்பதுதான் பாடம். அது உண்மையானால் இந்தப் பிளவு நினைத்ததைவிட ஆழமானது. ஒருவேளை நினைத்ததைவிடப் பெரிதாகவும் உடையக்கூடியது.

2022-இல் ஸ்டான்ஃபோர்டின் கிரெகரி பெரோசாவும் கூட்டாளிகளும் அதே பதிவுகளுக்குத் திரும்பினார்கள். இந்த முறை கையில் செயற்கை நுண்ணறிவு இருந்தது. லாங் பீச்சின் சத்தத்தை ஒரு பக்கம், சத்தமில்லாத சான் ஹசிந்தோ பகுதியில் பதிவான நிலநடுக்கங்களை மறு பக்கம் வைத்து, எது ஊர், எது பூமி என்று பிரிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சத்தத்தைக் கழித்துவிட்டு மறுபடி தேடினால் மேன்டில் நிலநடுக்கத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை என்று அவர்கள் கட்டுரை சொல்கிறது. நடுங்கும் இடம் மேலோட்டுக்குள்ளேயே முடிகிறது.

ஒரே ஊர், ஒரே பதிவுகள், இரண்டு நல்ல குழுக்கள், நேர் எதிர் முடிவு. எந்தச் சத்தத்தை எப்படிக் கழித்தோம் என்பதில்தான் வேறுபாடு. பிந்தைய முடிவுதான் சரி என்று எனக்குப் படுகிறது, உடையக் கூடாத பாறை உடையவில்லை என்பதால். ஆனாலும் கற்றுக்கொடுத்த சத்தத்தைத்தான் எந்திரம் கழிக்கும். கற்றுக்கொடுக்காத ஒன்றை நிலநடுக்கம் என்று நினைத்துக்கொள்ளவோ, நிலநடுக்கத்தைச் சத்தம் என்று தூக்கிப் போடவோ அதற்குத் தடையில்லை.

சம்மட்டியும் இரும்புத் தகடும்

எல்லா ஊருக்கும் ஐயாயிரம் டப்பா வாய்க்காது. சென்னைக்கு வாய்த்தது சம்மட்டி. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் பூமி ஆடியது. சென்னையில் ஜனம் தெருவுக்கு ஓடி வந்தது பலருக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு இந்தியத் தர விதி, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் பேராசிரியர் பூமிநாதனும் உடன் பணியாற்றியவர்களும் நகரின் பல இடங்களில் மண்ணின் விறைப்பை அளந்தார்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சார்னோக்கைட் பாறை தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் மணலும் களியும். ஒரே அதிர்வு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஆடாது.

முறை எளிமையானது. அமெரிக்காவின் கேன்ஸஸில் 1999-இல் செப்பம் செய்தது. மைதானத்தில் இருபத்துநாலு ஜியோபோன்களைச் சீரான இடைவெளியில் ஒரே கோட்டில் குத்துவார்கள். கோட்டின் முனையில் இரும்புத் தகடு. சம்மட்டியின் பிடியில் ஒரு சிறு சுவிட்ச் கட்டியிருக்கும். ஓங்கி அடித்த கணத்தில் கருவி ஓடத் தொடங்கும். அடித்த அதிர்வு தரையோடு தரையாக ஊர்ந்து போகும்போது, நீண்ட அலை ஆழத்து மண்ணையும் குறுகிய அலை மேல் மண்ணையும் தொட்டுப் போகும். எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பதிலிருந்து முப்பது மீட்டர் ஆழம்வரை மண்ணின் விறைப்பு தெரியும். பக்கத்துச் சாலையில் தண்ணீர் லாரி போனால் அந்த அடி வீண். காத்திருந்து மறுபடி அடிக்க வேண்டும். அதனால்தான் இந்த வேலைக்கு விடியற்காலையும் ஞாயிற்றுக்கிழமையும் விரும்பப்படுகின்றன. நெவாடாவின் ஜான் லூயி 2001-இல் இதையும் தலைகீழாக்கினார். சம்மட்டியே வேண்டாம், அந்தத் தண்ணீர் லாரியையே பதிவு செய்யுங்கள் என்றார். சம்மட்டியால் தொட முடியாத ஆழத்தைக் கனரக வண்டி தொடும். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் இப்போது பல இடங்களில் வழக்கம்.

அடுத்து வருவது கண்ணாடி இழை. இணையத்துக்காகத் தெருவுக்கு அடியில் ஏற்கெனவே புதைத்திருக்கும் ஃபைபர் கேபிளின் ஒரு முனையில் லேசர் கருவியை இணைத்துவிட்டால், சில மீட்டருக்கு ஒரு ஜியோபோன் என்று கேபிள் முழுவதும் காதாக மாறிவிடும். இழை நுண்ணளவு நீண்டு சுருங்குவதை ஒளி காட்டிக்கொடுக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் பியோண்டோ பியோண்டி குழு 2016 செப்டம்பரில் தங்கள் வளாகத்துக்கு அடியிலேயே இப்படி ஒரு வளையத்தை இயக்கியது. ஏறக்குறைய ஓராண்டில் 800-க்கு மேற்பட்ட நிகழ்வுகள் சிக்கின. 2017-இல் மெக்ஸிகோவைக் குலுக்கிய பெரிய நிலநடுக்கங்களும் அவற்றில் உண்டு. டப்பாவை மாதக் கணக்கில்தான் வைக்க முடியும். கேபிள் எப்போதும் அங்கேயே கிடக்கும்.

ஆனால் கேபிளுக்கும் ரயில் கேட்கும், கார் கேட்கும், நள்ளிரவில் யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வண்டி வந்தது என்பதும் கேட்கும். டப்பா வைக்க ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார்கள். கேபிளைக் காதாக்குவதற்குக் கேபிள் கம்பெனியின் அனுமதி போதும்.